கன்வெர்ட்டரைக் கழற்றினால் கார் பறக்குமா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு முதல் மாதத்திலேயே யாராவது இந்த யோசனையைச் சொல்லிவிடுகிறார்கள்: "அடியில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு வெறும் குழாயைப் போடு, அப்புறம் பார்." சொல்பவரின் குரலில் இருக்கும் உறுதி, காரணம் கேட்டால் அவ்வளவாக இருப்பதில்லை.

நம்பிக்கை: புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது.

ஒரு காலத்தில் அப்படித்தான் நெரித்தது. அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தது. அந்த ஆண்டின் செவ்ரோலே கார்வெட்டில், அதுவரை வலமும் இடமும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்த இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கன்வெர்ட்டருக்குள் விட்டார்கள். அதைத் தாண்டிய பிறகு மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். அந்தக் கன்வெர்ட்டரும் இன்றைய தேன்கூட்டு வகை அல்ல. வினையூக்கி பூசிய சின்னஞ்சிறு உருண்டைகளை அடைத்த தட்டையான பெட்டி. புகை அவற்றுக்கிடையே முட்டி மோதித்தான் வெளியே வரவேண்டும். 5.7 லிட்டர் வி8 எஞ்சினின் சாதாரண வடிவம் 1974-இல் 195 குதிரைத்திறன் கொடுத்தது, 1975-இல் 165. அந்தத் தலைமுறை கன்வெர்ட்டரைத் திட்டியதில் தப்பே இல்லை.

ஆனால் பழி கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. 1970-இல் அதே 5.7 லிட்டரில் 370 குதிரைத்திறன் கொடுத்த எல்டி-1 கார்வெட் இருந்ததே, அதைத் தின்றது யார்? 1971-இலேயே கம்ப்ரெஷனைக் குறைத்துவிட்டார்கள். அடுத்து அளக்கும் முறையே மாறியது. எஞ்சினை மட்டும் தனியே மேடையில் வைத்து அளந்த எண் போய், காரில் இருப்பதுபோலச் சைலன்சர், ஃபேன் எல்லாம் மாட்டி அளந்த எண் விளம்பரத்துக்கு வந்தது. கன்வெர்ட்டர் பிறப்பதற்கு முன்பே பெரும்பகுதி காகிதத்திலிருந்து மறைந்துவிட்டது.

இன்றைக்குச் சதுர அங்குலத்துக்கு 400 அல்லது 600 நுண்குழல்கள் கொண்ட பீங்கான் கட்டிதான் உள்ளே இருக்கிறது. சுவர்கள் மெல்லியவை என்பதால் அதன் முகப்பில் பெரும்பகுதி வெறும் திறப்பு. 992 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3-யை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின், 9,000 சுற்று, 510 குதிரைத்திறன். ஐரோப்பாவில் விற்கும் காரில் கன்வெர்ட்டர்கள் மட்டுமல்ல, நுண்துகள் வடிகட்டியும் உண்டு. வடிகட்டி இல்லாத முந்தைய ஜிடி3 கொடுத்தது 500.

டர்போ இல்லாத காரில் கன்வெர்ட்டரை எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குதிரைகள். டர்போ கார் வேறு கதை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் அது சீக்கிரம் சுழல்கிறது. கணினியையும் அதற்கேற்ப டியூன் செய்தால் வித்தியாசம் முதுகில் தெரியும். ஆனால் 200 நுண்குழல் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டரே அந்தப் பலனில் பெரும்பங்கைத் தந்துவிடும்.

நம்பிக்கை: எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்.

இது எதிர்க்கட்சியின் நம்பிக்கை. கன்வெர்ட்டரைக் கழற்றாதே என்பவர்கள் சொல்வது. இதுவும் தவறு. எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை. வேகமாக ஓடும் புகை தன் பின்னால் விடும் தாழ்வழுத்தம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுக்க உதவும். அளவுக்கு மிஞ்சி அகலமான குழாயைப் போட்டால் அந்த வேகம் செத்து, கீழ்ச் சுற்றில் இழுவை குறைகிறது.

நம்பிக்கை: சத்தம் கூடினால் வேகமும் கூடும்.

காது சொல்வதை ஸ்டாப்வாட்ச் சொல்வதில்லை.

நம்பிக்கை: அது உள்ளுக்குள் நொறுங்கி எஞ்சினையே கொன்றுவிடும். முந்திக்கொண்டு எடுத்துவிடு.

எல்லாவற்றிலும் அதிக உண்மை உள்ள நம்பிக்கை இதுதான். அது பிறந்த இடங்களில் ஒன்று, 1999 முதல் 2007 வரை வந்த டொயோட்டா எம்ஆர்2 ரோட்ஸ்டர். எஞ்சின் நடுவில் உட்கார்ந்திருக்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர். பிரதான கன்வெர்ட்டர் போக, எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டுக்குள்ளேயே இரண்டு முன் கன்வெர்ட்டர்கள். பிரிட்டனில் இந்தக் காரைப் பழையதாக வாங்குபவர் ஸ்பேனரோடும் டார்ச்சோடும் போவதுண்டு. மேனிஃபோல்டின் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக உள்ளே பார்ப்பார். பீங்கான் முகம் ஒழுங்கான வலைபோல இருந்தால் சரி. பள்ளம் விழுந்தோ பொடிந்தோ இருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எக்ஸாஸ்ட் அலை திரும்பும்போது அந்தப் பீங்கான் தூள் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு சுவரைக் கீறிவிடும்.

ஆனால் பீங்கான் ஏன் பொடிகிறது என்று யாராவது கேட்க வேண்டும். அந்த எஞ்சினின் ஆரம்பகால பிஸ்டன்களில் ஆயில் வடியும் துளைகள் போதவில்லை. ரிங்குகள் கரி பிடித்து இறுகின. எஞ்சின் ஆயில் குடித்தது. எரிந்த ஆயில் முன் கன்வெர்ட்டரைச் சூடாக்கிச் சிதைத்தது. சிதைந்த தூள் சிலிண்டரைக் கீற, ஆயில் செலவு இன்னும் ஏறியது. முன் கன்வெர்ட்டரை எடுப்பவர் இந்தச் சுழற்சியில் ஒரு கண்ணியை வெட்டுகிறார், அது உண்மை. ஆயில் குடிக்கும் பிஸ்டன் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் கன்வெர்ட்டரை மட்டும் கழற்றியவரின் எஞ்சின் ஆயில் வற்றிச் சாகும். இந்த ஒரு காரின் நோயை எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் பரப்பியதுதான் இந்த நம்பிக்கையின் கோளாறு.

நம்பிக்கை: செக் எஞ்சின் விளக்கு எரியாவிட்டால் பிரச்சினை இல்லை.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னதன் அளவீடு துள்ள வேண்டும், பின்னதன் அளவீடு நிதானமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி துள்ளினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கணினி பி0420 என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கைப் போடும். இதற்குச் சந்தையில் மலிவான வைத்தியம் உண்டு. பின் சென்சாருக்கு அடியில் ஒரு சிறு இரும்புக் குழலை வைத்துப் புகையிலிருந்து விலக்கிவிடுவது. விளக்கு அணையும். குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அணையாது. பல கார்களில் பின் சென்சார்தான் பெட்ரோல் கலவையை நுணுக்கமாகத் திருத்துகிறது என்பதையும் வைத்தியர்கள் சொல்வதில்லை.

நம்பிக்கை: வாரக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு காரால் காற்று கெட்டுவிடாது.

கன்வெர்ட்டர் வேலை தொடங்க ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதுவரை வரும் முதல் ஓரிரு நிமிடப் புகைதான் மிக மோசம். அந்த நேரத்தைக் குறைக்கத்தான் எம்ஆர்2-வில் முன் கன்வெர்ட்டரை எஞ்சினோடு ஒட்டி வைத்தார்கள். கன்வெர்ட்டரே இல்லாத கார் பயணம் முழுவதும் அந்த முதல் நிமிடத்திலேயே ஓடுகிறது. முதலில் அதைச் சுவாசிப்பவர் உரிமையாளர்தான்: கூரையைத் திறந்து சிக்னலில் நிற்கும்போது எரியாத பெட்ரோல் வாடை தலைக்கு ஏறும். வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு, மூடிய கராஜில் அதைவிட ஆபத்து.

நம்பிக்கை: சோதனை நாளில் மட்டும் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யில், தொழிற்சாலை பொருத்திய பிரதான கன்வெர்ட்டர் காணவில்லையென்றால் அதற்காகவே தோல்வி. புகையையும் தனியாக அளப்பார்கள். ஜெர்மனியில் சாலையில் ஓடும் அனுமதியே ரத்தாகலாம். ஆகவே பலர் வருடத்துக்கு ஒருமுறை காரைத் தூக்கி நிறுத்தி, பரணிலிருந்து பழைய கன்வெர்ட்டரை இறக்கி மாட்டி, சான்றிதழ் வாங்கி, மறுபடி கழற்றுகிறார்கள். துருவேறிய போல்ட் ஒவ்வொரு முறையும் கழன்று தராது. மேனிஃபோல்டில் ஒரு ஸ்டட் ஒடிந்தால், அதைத் துளைத்து எடுக்க மெக்கானிக் கேட்கும் கூலியையும் ஆதாயக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.