லெம்னா சொல்லும் ரிப்போர்ட்

லேப்ல பிஎச், சிஓடி ரெண்டும் சரியா வந்துட்டா அந்தத் தண்ணி நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அட்ரசின் மாதிரி களைக்கொல்லி லிட்டருக்கு சில நூறு மைக்ரோகிராம் கலந்திருந்தாலும் அந்த ரீடிங்ல தெரியாது. குளத்து மேல பச்சைப் பொட்டு மாதிரி மிதக்கும் லெம்னாவுக்குத் தெரியும்.

ஓஇசிடி 221 முறைப்படி, தண்ணியைக் குறைஞ்சது ஐந்து செறிவுகளில் வச்சு, விடாத வெளிச்சத்தில் 7 நாள் இலைகளை எண்ணணும் (கண் வலிக்கும், அது வேற விஷயம்). வளர்ச்சி வேகத்தைப் பாதியாக்கும் செறிவுதான் இசி50.

பக்கத்திலேயே வெறும் ஊட்டக் கரைசலில் வளரும் ஒப்பீட்டுக் குடுவைகளும் இருக்கணும். அதுல இலைகள் 7 நாளில் சுமார் 7 மடங்கு ஆகலைன்னா, மொத்த சோதனையும் செல்லாது, மறுபடி தொடங்குங்க. சில நச்சு இலை எண்ணிக்கையை விட்டுட்டு அளவை மட்டும் சுருக்கும். அதனால கடைசியில் உலர் எடையும் எடுத்துடுங்க.