பழைய ஹெரால்டின் டிஃபரென்ஷியல் புஷ்: நெல்லையின் இளம் மெக்கானிக்குக்கு ஒரு கடிதம்

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் இதே பின்பக்க அமைப்பின் மீதுதான் கட்டப்பட்டது. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பழைய ஹெரால்டின் பின்பக்கத்தைப் பிரிக்கும் இளம் மெக்கானிக், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் வேலையைத்தான் செய்கிறார்.

அம்பாசடர், பத்மினி வண்டிகளில் டிஃபரென்ஷியல் பின் அச்சுக்குள்ளேயே இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதற்குத் தனி மவுண்ட் புஷ் கிடையாது. ஹெரால்டில் அது சேசிஸில் பூட்டப்பட்டிருக்கிறது. முன்மூக்கில் இரண்டு ரப்பர் மவுண்டுகள். பின்னால் ஹவுசிங்கின் காதுகளுக்குள் புஷ், அவற்றின் ஊடே ஒரு நீண்ட போல்ட். குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங் டிஃபரென்ஷியலின் தலைமேலேயே இறுக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் பின்பாதி எடையும், வளைவில் சக்கரம் தரும் பக்கவாட்டுத் தள்ளலும், எஞ்சின் இழுவைக்கு எதிராக எழும் முறுக்கும் இந்தச் சின்ன ரப்பர்கள் வழியாகவே சேசிஸைச் சேர்கின்றன. பிற்கால ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இதே பெயருள்ள புஷ் முறுக்கையும் அதிர்வையும் தாங்கினால் போதும், எடை வேறு வழியாகப் போய்விடும். அந்த வண்டிகளுக்குச் சொல்லப்படும் யோசனையை அப்படியே ஹெரால்டுக்கு எடுத்துக்கொள்வது தவறாகிவிடும். 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் பழைய பாணி முழு அச்சே திரும்பிவிட்டதால், அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கிளட்ச்சை விடும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு அடி கேட்டால் உடனே புஷ்மீது பழி போடக்கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அரை ஷாஃப்ட்டுகளின் கிராஸ், கிரவுன்–பினியன் தேய்மானம் எல்லாமே ஏறக்குறைய அதே சத்தத்தைத் தரும். எஞ்சினை அணைத்து, வண்டியைக் குழிமேல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிஃபரென்ஷியலின் மூக்கைக் கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். ஹவுசிங் தளர்வாக எழுந்து அமர்ந்தால், அல்லது ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்து தெரிந்தால், குற்றவாளி புஷ். மூக்கு அசையாமல் ஷாஃப்ட் மட்டும் ஆடினால் கிராஸைப் பார்க்க வேண்டும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலை போன்ற ஏற்றத்தில் இந்தச் சத்தம் கூடுவதற்குக் காரணம் உண்டு: முதல் கியரில் டிஃபரென்ஷியலுக்கு வரும் முறுக்கு, நான்காம் கியரில் வருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

பினியன் ஆயில் சீலைப் பார்க்காமல் புஷ் வாங்கவே கூடாது. கியர் ஆயில் சொட்டும் இடத்தில் இயற்கை ரப்பர் உப்பி, மிருதுவாகிக் கூழாகிவிடும். சீலை மாற்றாமல் போடும் புதிய புஷ்ஷும் பழையதன் வழியே போகும்.

அடுத்தது எந்தப் பொருள் என்பது. தினமும் ஓடும் ஹெரால்டுக்கு, இரும்புக் குழாயோடு சேர்த்து வார்த்த இயற்கை ரப்பர் புஷ்தான் சரி. ஷோர் ஏ அளவில் 60-ஐ ஒட்டிய கடினம் போதும். பாலியூரித்தேன் பொதுவாக 70 முதல் 95 வரை கடினமானது. ஆயிலைத் தாங்கும், வளைவில் பின்பக்கம் அலைவதைக் குறைக்கும். ஆனால் கியரின் இரைச்சல் வண்டிக்குள் கூடுதலாக ஏறும். வாங்குவதானால் பாலிஈதர் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். பாலியெஸ்டர் வகை சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் சிதையும். தாமிரபரணிப் பாசன ஊர்களில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. மூக்கில் பாலியூரித்தேன், பின்னால் பழைய ரப்பர் என்று கலந்து போடுவது மிக மோசம். இறுக்கமான முனை சுமையை வாங்கிக்கொள்ள, தளர்ந்த முனையைச் சுற்றி ஹவுசிங் ஆடும். சேசிஸின் பிராக்கெட் விரிசல் விடவும் கூடும். அலுமினியக் கட்டை பந்தய வண்டிக்கு மட்டுமே.

ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன, லேத் பட்டறைக்கும் குறைவில்லை. ஆனாலும் ரப்பர் ஷீட்டை வெட்டிக் குழாய்க்குள் திணித்தால் புஷ் ஆகாது. கந்தகமும் கரித்தூளும் கலந்த ரப்பரை, மணல் அடித்துச் சுத்தம் செய்து ஒட்டுப்பூச்சு பூசிய குழாயின்மேல், அச்சில் அழுத்திச் சூட்டில் வேகவைத்தால்தான் அது உலோகத்தைப் பிடிக்கும். டயர் துண்டில் செய்த புஷ் சில மாதங்களில் நழுவும். பெட்டி பிரிக்காத பழைய சரக்கும் நம்பத் தகாதது: ரப்பர் பெட்டிக்குள்ளும் முதுமை அடைகிறது. நகத்தால் அழுத்தி, மடித்து, மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயருக்கான புஷ்கள் இன்றும் பிரிட்டனில் புதிதாகக் கிடைக்கின்றன. அளவைச் சரிபார்த்து அவற்றை வரவழைப்பது நல்ல வழி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையைச் சூழ்ந்த வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பின் போல்ட் துருவேறிக் குழாயோடு பிடித்துக்கொண்டிருக்கும். பல நாள் ஊற வைத்தும் அசையாவிட்டால் அறுத்தெடுத்துப் புதிய போல்ட் போட வேண்டும். சம்மட்டி அடியில் ஹவுசிங்கின் காது உடையும். லீஃப் ஸ்பிரிங் விசையோடு நிற்பது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கர ஹப்புக்குக் கீழே ஜாக்கி கொடுத்து விசையைத் தளர்த்திய பிறகே பாகங்களைக் கழற்ற வேண்டும்.

பொருத்தும்போது எல்லா போல்ட்டையும் கைப்பிடியாக மட்டும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிக் குலுக்கி அமர வைத்தபின் இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால், தரைக்கு வந்ததும் ரப்பர் ஓயாமல் முறுகிய நிலையில் கிடக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் பினியன் சீலின் ஓரத்தையும் மறுபடி பார்த்து, பின்சக்கரங்களின் சாய்வையும் அளந்த பிறகே வண்டியை உரியவரிடம் கொடுக்க வேண்டும்.