துவக்கும் உரிமமும்: மலையகத்தில் உலவும் ஏழு நம்பிக்கைகள்

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களில் தேயிலை மலைகளுக்கு நடுவே சிறு சிறு காடுகள் இருக்கின்றன. பகலில் அங்கே படுத்துக் கிடக்கும் பன்றிகள், இருட்டியதும் லயத்தை ஒட்டிய மரக்கறித் தோட்டங்களுக்குள் இறங்குகின்றன. ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்ட கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் கிண்டிப் போட்டுவிட்டுப் போகின்றன. மறுநாள் காலையில் துவக்கைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. இதோடு கொழும்பிலிருந்து வரும் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளும் சேர்ந்துகொள்கின்றன. 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, "ஒரு பிஸ்டல் லைசன்ஸ் எடுத்து வைத்தால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்களும் கூடிவிட்டார்கள்.

இந்தப் பேச்சில் பாதி தப்பு. தப்பாக நம்பியவர்கள் சிலர் பொலிஸ் கூண்டில் நிற்கிறார்கள். சிலர் கால் இழந்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை 1: விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் பிஸ்டல் உரிமம் கிடைத்துவிடும்.

உண்மை: இது அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வந்த எண்ணம். அங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791இலேயே அரசியலமைப்புத் திருத்தமாக எழுதப்பட்டது. கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுசெல்ல விரும்புகிறவர் அதற்கென்று தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயோர்க் மாநிலச் சட்டத்தை 2022 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது.

இலங்கையில் நிலைமை நேரெதிர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பட்டியலிடும் அடிப்படை உரிமைகளில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்று ஒன்று இல்லை. இங்கே நடைமுறையில் இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அதன்படி உரிமம் என்பது காரணத்தை எடைபோட்டு அதிகாரி தரும் அனுமதி. தற்பாதுகாப்புக்கான பிஸ்டல், ரிவோல்வர் விண்ணப்பங்கள் பாதுகாப்பு அமைச்சுக்குப் போகின்றன. உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டு என்று பொலிஸ் அறிக்கை சொல்ல வேண்டும். "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் போதாது.

கொடுத்த உரிமமும் நிரந்தரமில்லை. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்கு வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. யாருக்கு இன்னும் அது தேவை என்று மறுபரிசீலனை செய்வதற்காகத்தான் அந்த அறிவிப்பு.

நம்பிக்கை 2: ஒருமுறை எடுத்த உரிமம் ஆயுளுக்கும் செல்லும், அப்பா வைத்திருந்த துவக்கு மகனுக்கு வந்துவிடும்.

உண்மை: உரிமத்தின் ஆயுள் ஓர் ஆண்டுதான். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். தவறினால், மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் இருப்பது சட்டவிரோத ஆயுதம்.

உரிமத்தில் ஆளின் பெயரும் துவக்கின் இலக்கமும் சேர்ந்தே இருக்கும். ஆகவே உரிமதாரர் இறந்தால் அந்த உரிமம் வேறு யாருக்கும் தானாக இறங்காது. குடும்பத்தார் உடனே பொலிஸுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அறிவித்து, துவக்கை ஒப்படைக்க வேண்டும். வேண்டுமானால் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். பரணில் கிடக்கும் தாத்தாவின் பழைய துவக்கை யாரும் தொடவே இல்லை என்பது நீதிமன்றத்தில் விடையாகாது. வைத்திருப்பதே குற்றம்.

நம்பிக்கை 3: தோட்டத்துத் துவக்கை, துரை சொன்னால் யாரும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகலாம்.

உண்மை: துரையின் வாய்ச்சொல் உரிமமாகாது. உங்கள் கையில் துவக்கைக் கொடுத்து இரவுக் காவலுக்கு அனுப்பினால், முதலில் கடதாசியைக் கேளுங்கள். அதன்படி அந்தத் துவக்கை நீங்கள் கொண்டுபோகலாமா என்பது தெளிவாக இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். பொலிஸ் பிடிக்கும்போது துவக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்மேல்தான் முதல் வழக்கு.

நம்பிக்கை 4: நாங்கள் தோட்டத் தமிழர், எங்களுக்கு எப்படியும் தரமாட்டார்கள்.

உண்மை: இந்த நம்பிக்கை சும்மா பிறக்கவில்லை. மலையகத்தில் துவக்கு நெடுங்காலம் பங்களாவின் பொருளாகவே இருந்தது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளையர்கள் இந்த மலைகளில் வேட்டையாடிப் புத்தகம் எழுதினார்கள். தொழிலாளி துவக்கின் மறுமுனையை மட்டுமே பார்த்தான். 1940 ஜனவரி 10 அன்று முல்லோயா தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை குடியுரிமைகூட இல்லை. இப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்கள் "எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்று சொல்வதில் வியப்பில்லை.

ஆனாலும் இன்றைய சட்டத்தில் இனத்தைச் சொல்லித் தடுக்கும் வரி எதுவும் இல்லை. உண்மையான தடை காணிதான். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துவக்கு கேட்பவர் "இந்தப் பயிர் என்னுடையது, இந்த நிலம் என்னுடையது" என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். லயத்தில் இருப்பவர் எதைக் காட்டுவார்? எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. லயக் காம்பராவுக்குப் பின்னால் மூன்று தலைமுறையாகக் கெரட்டும் லீக்ஸும் போட்ட துண்டு நிலம்கூடச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியுடையது அல்ல. அண்மைக் காலத்தில் தனிவீட்டுத் திட்டங்களில் கிடைத்த 7 பேர்ச் காணி ஒரு வீட்டுக்கும் முற்றத்துக்கும்தான் போதும்.

ஆக, சொந்தக் காணி இல்லாதவருக்குப் பயிர்ப் பாதுகாப்பு உரிமமும் எட்டாது. இது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதற்குத் தீர்வு கள்ளத் துவக்கு அல்ல, காணி உரிமை. அது கிடைக்கும்வரை பயிரைக் காக்கும் பொறுப்பை, நிலத்தைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வேலி போடு, காவலுக்கு ஆள் போடு, காட்டு ஓரத்தைத் துப்புரவாக்கு என்று தொழிற்சங்கங்கள் எழுத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நம்பிக்கை 5: நாமே செய்து கட்டும் கட்டுத்துவக்கு, துவக்குக் கணக்கில் வராது.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. 1916ஆம் ஆண்டுச் சட்டம் துவக்கு எது என்று சொல்லும்போது தொழிற்சாலையின் பெயரையோ முத்திரையையோ பார்க்கவில்லை. குழாய் உள்ள ஓர் ஆயுதம் வீசும் குண்டு, வரிசையாக அடுக்கிய பதினொரு வைக்கோல் அட்டைகளுக்கு மேல் துளைக்குமா என்பதே அது வைக்கும் சோதனை. துளைத்தால் அது துவக்கு. பட்டறையில் ஒட்டிய குழாயும் இதே அளவுகோலில்தான் அளக்கப்படும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கி என்றால் ஆயுள் தண்டனை வரை போகும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கட்டுத்துவக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். பன்றியின் உடம்புக்குச் சரியாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் அதைப் பாதையோரம் கட்டுகிறார்கள். குறுக்கே ஒரு மெல்லிய கயிறு. விடிந்தும் விடியாத பனியில் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. பன்றி வராத இரவுக்குப் பிறகு அந்தப் பாதையில் முதலில் வருவது யார்? விறகுக்குப் போகும் பெண், குறுக்கு வழியில் கொழுந்து மலைக்குப் போகிறவர், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் தாத்தா. பன்றியின் நெஞ்சுக்கு வைத்த குண்டு மனிதனின் முழங்காலையும் தொடையையும் பிளக்கிறது. தொடையின் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால், மலைப்பாதையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். உயிர் தப்பினாலும் காலை எடுக்க வேண்டி வரலாம். ஒரு காலோடு நிறையக் கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏற முடியாது; அந்தக் குடும்பத்தின் நாட்கூலியும் அத்தோடு போயிற்று.

தீனிக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியும், வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கட்டும் கம்பியும் இதே வகைதான். வருவது பன்றியா பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று அவற்றுக்குத் தெரியாது.

நம்பிக்கை 6: துவக்குத்தானே குற்றம், கம்பிச் சுருக்கு வைத்தால் ஒன்றுமில்லை.

உண்மை: காட்டுப்பன்றி, சட்டம் பாதுகாக்கும் விலங்குகளின் பட்டியலில் இல்லை என்பது சரி. ஆனால் சுருக்கு பன்றியை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. 2020 மே 26 அன்று நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. இலங்கையில் மிக அரிதாகவே காணக் கிடைக்கும் உயிர் அது. கழுத்தில் கம்பி இறுக்கிய நிலையில் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில், மே 29 அன்று இறந்துவிட்டது. ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தைகள் சுருக்கில் சாவது இன்னும் நிற்கவில்லை.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சிறுத்தையைக் கொல்வது பாரிய குற்றம். "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்ற சொல் வழக்கிலிருந்து காப்பாற்றாது. இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: சுருக்கில் மாட்டித் துடிக்கும் சிறுத்தையை முதலில் காண்பவர் பெரும்பாலும் கொழுந்து பறிக்கப் போன தொழிலாளிதான். கம்பி அறுந்தால் அடிபடுவதும் அவர்தான்.

நம்பிக்கை 7: உரிமம் உள்ள துவக்கு இருந்தால், வீட்டுக்குள் புகுந்த கள்ளனைச் சுடலாம்.

உண்மை: துவக்கு வைத்திருக்க உரிமம் உண்டு என்பது வேறு, ஒருவரைச் சுட உரிமை உண்டு என்பது வேறு. தற்காப்பு உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் ஒப்புக்கொள்கின்றன; ஆனால் எல்லை போடுகின்றன. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே எழாது. மரக்கறி திருடிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது கொலை வழக்காகவே வரும். உரிமக் கடதாசி அதை மாற்றாது.

சரி, முறைப்படி விண்ணப்பிக்க விரும்புகிறவர் என்ன செய்ய வேண்டும்? சொந்தக் காணியில் பயிர் செய்து பன்றியால் நட்டப்படுகிறவர் முதலில் கிராம உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். அங்கிருந்து விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்கும், பிறகு நுவரெலியாக் கச்சேரிக்கும் போகும். நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரதேச செயலகங்கள் வந்துவிட்டதால், உங்கள் பகுதி இப்போது எதற்குள் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, காணி ஆவணம், பயிர்ச் சேதம் பற்றிய பரிந்துரை, பொலிஸ் நற்சான்று, மருத்துவச் சான்று ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். கையில் உரிமம் வருமுன் துவக்கை வாங்கக் கூடாது. "ஆள் தெரியும், எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவின் 1956 இலக்கத்துக்கு முறையிடலாம். பொலிஸில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

மலையகத்துக்கு இன்று தேவை இன்னொரு பிஸ்டல் அல்ல. பாதையில் கட்டியிருக்கும் துவக்குகளும் சுருக்குகளும் அவிழ வேண்டும். எங்கேனும் கட்டுத்துவக்கைக் கண்டால் தொடாமல், மற்றவர்களையும் அந்தப் பக்கம் போகவிடாமல் 119க்கு அழையுங்கள். சிறுத்தையோ வேறு விலங்கோ சுருக்கில் மாட்டியிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992. யாருக்காவது குண்டு பட்டால் காயத்தைத் துணியால் பலமாக அழுத்திப் பிடித்தபடி 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள், அது இலவசம். இந்த மூன்று இலக்கங்களையும் இன்றே ஒரு கடதாசியில் எழுதி லயத்தின் சுவரிலும் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டுங்கள்.