குடிப்பழக்கமும் பிறப்புவழி மரபும்

குடியன் மகன் குடியனே என்று துணிந்து கூறுவார் பலர். அவன் ஒரு துளியும் பருகாமுன்னரே தந்தையின் பழியைச் சுமக்கின்றான். இக்கூற்றில் மெய் எத்துணை என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குடிக்குந் தந்தையோடு வளர்ந்தவன் குடிப்பானாயின், அது கண்டு கற்றதோ, குருதியொடு வந்ததோ எனப் பகுத்தறிதல் அரிது. இதனைத் தெளிய வேண்டி, குட்வின் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் டென்மார்க்கு நாட்டிலே தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்து, 1973-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். குடிநோயுற்ற பெற்றோர்க்குப் பிறந்து, சிசுப்பருவத்திலேயே பிறர் இல்லம் புகுந்து வளர்ந்த ஆடவருள் 100-க்கு 18 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். ஏனைத் தத்துப்பிள்ளைகளுள் 5 பேரே ஆளாயினர். ஆராயப்பட்டோர் தொகை சிறிதெனினும், பின்வந்த இரட்டையர் ஆராய்ச்சிகளும் மரபின் பங்கு ஏறத்தாழப் பாதி என்றே காட்டின. ஆகவே குருதிவழி உண்டென்பது மெய். ஆனால் 18 என்னும் எண்ணை எடுத்தோதுவார், எஞ்சிய 82 பேர் தப்பினர் என்பதை ஏனோ ஓதுவதில்லை! பிதாக்களின் வினை பிள்ளைகளைச் சாரும் என்ற பழமொழியை எசேக்கியேல் தீர்க்கதரிசி 18-ஆம் அதிகாரத்தில் மறுத்துரைத்தது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

பிறப்புவழி இயல்பைத் தாங்குங் கூற்றினை இக்காலத்தார் மரபணு என்பர். தொல்காப்பியனார் விலங்குகளின் இளமைப்பெயர் முதலியவற்றைத் தொகுத்த இயலுக்குப் பெயராய் நின்ற 'மரபு', இன்று உயிர்நூலார் கையிற் புதுப்பொருள் பெற்றமை தமிழ் மாணாக்கராகிய எமக்கு உவகை தருவதே. அது நிற்க.

மதுவின் சாரம் ஈரலில் முதற்கண் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாறும். பிறிதொரு நொதி அந்நஞ்சை அசிட்டிக் அமிலமாக்கித் தீங்கொழிக்கும். ஜப்பானியருள் ஏறத்தாழ 100-க்கு 40 பேரிடத்து, ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றத்தால் இந்நொதி வலிகுன்றியுள்ளது. அன்னார் சிறிது பருகினும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டல் எழும். அறவுரை கேளாமலே உடல் மதுவை விலக்குகின்றது. டென்மார்க்கு அறிஞர் 1948-இல் குடிநோய்க்கு மருந்தென வெளியிட்ட டைசல்பிரம், இந்நிலையையே செயற்கையாய் உண்டாக்குவது.

இத்தகைய காவல் பெற்றோர் குடிநோய்க்கு என்றும் ஆளாகார் எனக் கருதலாமோ? ஹிகுச்சி முதலியோர் 1994-இல் வெளியிட்ட கணக்கு வேறு கூறுகின்றது. ஜப்பானியக் குடிநோயாளருள் அம்மாற்றத்தைப் பெற்றோர் இருவருள் ஒருவர்வழி மட்டும் பெற்றிருந்தவர், 1979-இல் 100-க்கு 2.5 பேர்; 1986-இல் 8 பேர்; 1992-இல் 13 பேர். பதின்மூன்றாண்டில் ஒரு நாட்டாரின் மரபணு மாறிவிடுவதன்று. மாறியது அவரைச் சூழ்ந்த வழக்கமே. உடல் மறுத்த கிண்ணத்தை உடனிருப்போர் மீண்டும் மீண்டும் நீட்டுமிடத்து, நாணத்தாற் கைநீட்டுவாரும் உளரன்றோ? அவ்வாறு முகஞ்சிவந்தும் விடாது குடிப்பார்க்கு, தேங்கிய நஞ்சினால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஏது ஏனைக் குடிப்பாரினும் மிகுதி என மருத்துவர் கண்டுள்ளனர்.