திரை இருண்டால் எதை மாற்றுவது?

லேப்டாப் திரையில் கோடு விழுந்தாலோ, முழுக்க இருண்டுவிட்டாலோ, "பேனல் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான் பல கடைகளில் கிடைக்கும் முதல் பதில். அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் பழுது பேனலில் இருக்கலாம், அதற்குப் போகும் கேபிளில் இருக்கலாம், மதர்போர்டில் இருக்கலாம், வெறும் டிரைவர் மென்பொருளாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது. கண்டுபிடிக்கும் வேலைக்குச் செலவே இல்லை.

முதலில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வீட்டு டிவியோடு இணையுங்கள். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் பொத்தானையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தி மாற்றிப் பாருங்கள். டிவியிலும் அதே கோடுகள் தெரிந்தால் திரையைத் தொடவே வேண்டாம். கிராபிக்ஸ் சிப், ரேம், டிரைவர் இவற்றில் ஒன்றுதான் காரணம். லேப்டாப் கிளம்பும்போது வரும் நிறுவனச் சின்னமும் பயாஸ் திரையும் சுத்தமாக இருந்து, விண்டோஸ் வந்த பிறகு மட்டும் துடித்தால், டிரைவரை மறுபடி நிறுவிப் பார்ப்பதே போதும்.

டிவியில் படம் தெளிவாக இருக்கிறதா? இருட்டறையில் திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளி மட்டும் எரியவில்லை என்று பொருள். இன்றைய பேனல்களில் பின்னொளி எல்இடிகள் உள்ளேயே பதிந்திருக்கும். அவற்றைத் தனியாக வீட்டில் மாற்ற முடியாது. கேபிள் அறுந்தாலும், போர்டில் பின்னொளிக்கான சிறு ஃபியூஸ் போனாலும் இதே அறிகுறிதான். ஃபியூஸ் சால்டரிங் தெரிந்தவர் வேலை.

அடுத்து மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொன்றில் போனால், கேபிளைச் சந்தேகியுங்கள். அது ஹின்ஜ் வழியாகப் போகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைகிறது. எந்தக் கோணத்திலும் நகராத ஒற்றைக் கோடு, மை சிந்தியதுபோன்ற கறை, விரிசல் இவையெல்லாம் பேனலின் சாவு.

இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. விலை குறைந்த கேபிளை மாற்றுவதுதான் பல மாடல்களில் கடினமான வேலை: அடிமூடி, ஹின்ஜ், சிலவற்றில் மதர்போர்டு வரை கழற்ற வேண்டியிருக்கும். விலை கூடிய பேனலோ, சுற்றுச்சட்டத்தை நெம்பி எடுத்ததும் நாலு ஸ்க்ரூவிலோ இழுத்தால் வரும் பசைநாடாவிலோ நிற்கும். அதனால் என் யோசனை: கேபிள் என்று தோன்றினால் புதிது வாங்கும் முன் இருக்கும் கேபிளைக் கழற்றி அழுத்தமாகத் திரும்பச் செருகுங்கள். கனெக்டர் தளர்ந்ததே பிரச்சினையாக இருக்கக்கூடும். அறுந்திருந்தால், லேப்டாப்பை முழுதாகப் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் கூலி கொடுத்துச் செய்துகொள்வதே மேல். பேனலைத் தைரியமாக நீங்களே மாற்றலாம்.

எதைத் தொடும் முன்னும் சார்ஜரை உருவி, அடிமூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. மின்சாரம் இருக்கும்போது திரைக் கேபிளை இழுத்தால் அந்தப் பின்னொளி ஃபியூஸ் போகலாம். புதுப் பேனல் போட்டும் இருட்டாகவே நிற்கும்.

பேனல் வாங்க லேப்டாப்பின் பெயர் போதாது. ஒரே மாடலில் வேறு வேறு பேனல்கள் வந்திருக்கும். பழையதைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆன்லைனிலும் சரி, சென்னை ரிச்சி தெருவிலும் சரி, அந்த எண்தான் பேசும். அளவு, ரெசல்யூஷன், பக்கவாட்டுத் தாங்கிகள், ஊசிகளின் எண்ணிக்கை எல்லாம் பொருந்த வேண்டும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் முழு எச்டி பேனலுக்குப் பெரும்பாலும் 30 ஊசி. டச் உள்ளடங்கியது, 144 ஹெர்ட்ஸ் கேமிங் வகை போன்றவற்றுக்கு 40. பழைய எல்விடிஎஸ் பேனலிலும் 40 ஊசி உண்டு, ஆனால் அது வேறு இனம். மாற்றிச் செருகக் கூடாது. 1366x768 பேனலை எடுத்துவிட்டு 1920x1080 ஐபிஎஸ் போட ஆசை வரும். கண்ணுக்கு நல்லதுதான், ஆனால் பழைய கேபிளில் அதற்கான தரவு வழிகள் இல்லாமல் போகலாம். கேபிளும் சேர்த்து விலை கேளுங்கள்.

வீட்டில் கை வைக்கக் கூடாதவையும் உண்டு. கண்ணாடியோடு ஒட்டிய டச் திரைகள், மேக்புக் போன்றவை. 2016ஆம் ஆண்டு 13 அங்குல மேக்புக் ப்ரோவில் பின்னொளிப் பிரச்சினை எழுந்து, 2019இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது. அதில் தேய்ந்தது மெல்லிய திரைக் கேபிள்தான். ஆனால் அது திரையோடு சேர்ந்தே வடிவமைக்கப்பட்டதால், மேல்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. வாரன்டி இருக்கும் எந்த லேப்டாப்பையும் திறக்காதீர்கள். ஆனால் கீழே விழுந்து உடைந்த திரைக்கு வாரன்டி பொதுவாக உதவாது.

பழைய லேப்டாப்புக்கு நான் வேறு வழி சொல்வேன். அதை இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல் பேனலுக்கே போகுமானால் வாங்காதீர்கள். பழைய மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐயில் இணைத்து மேசைக் கணினியாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கு அது இன்னும் சில ஆண்டு உழைக்கும். சூடான காற்று ஹின்ஜ் பக்கமாக வெளியேறும் மாடலானால், மூடியை மட்டும் திறந்தே வையுங்கள்.