அடைக்கோழியா, பெட்டியா?

மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே பீல் பழங்குடி மக்கள் கடக்நாத் என்ற கோழியை வளர்க்கிறார்கள். அதன் இறகு கருப்பு. தோல் கருப்பு. கறியும் கருப்பு. முட்டை மட்டும் இளம் பழுப்பு. 2018-ஆம் ஆண்டு ஜாபுவா கடக்நாத் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தக் கோழியிடம் ஒரு குறை உண்டு. முட்டை இடும். ஆனால் சரியாக அடை உட்காராது. அப்படியானால் குஞ்சு எப்படிப் பொரிப்பது?

ஒரு வழி, அடை உட்காரும் வேறு நாட்டுக்கோழியின் அடியில் முட்டைகளை வைப்பது. அதற்கு மின்சாரம் வேண்டாம். தெர்மாமீட்டர் வேண்டாம். முட்டையை அலகால் தானே புரட்டிவிடும். குஞ்சு பொரித்த பிறகு பருந்து வந்தால் இறக்கைக்குள் ஒளித்தும் வைக்கும். ஆனால் ஒரு கோழி 10, 12 முட்டைகளைத்தான் அணைக்கும். அடை இருக்கும்போதும், குஞ்சோடு திரியும்போதும் முட்டை இடாது.

இன்னொரு வழி, குஞ்சு பொரிக்கும் பெட்டி. இதை இன்குபேட்டர் என்பார்கள். இதில் 50 முட்டைகளைக் கூட ஒன்றாக வைக்கலாம். ஆனால் ஒரு ராத்திரி தவறு நடந்தால் 50 முட்டையும் ஒன்றாகப் போகும். சந்தையில் விற்றிருந்தால் காசாகியிருக்கும் முட்டைகள் அவை. அதனால் விலையை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது.

மலிவான பெட்டியில் பல்ப் மட்டும் இருக்கும். விசிறி இருக்காது. சூடு மேலே தங்கும், கீழே குறையும். முட்டையின் மேல்மட்டத்தில் சுமார் 38.5 டிகிரி இருக்க வேண்டும். நீங்களே பெட்டி செய்தால் குண்டு பல்ப் போடுங்கள். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் தரும், போதிய சூடு தராது.

விசிறி வைத்த பெட்டியில் சூடு எங்கும் ஒன்றாகப் பரவும். அதில் 37.5 டிகிரி போதும். கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் இதுவே நல்லது என்பேன்.

தானே முட்டையைத் திருப்பும் பெட்டியும் உண்டு. வீட்டில் ஆள் இருந்தால் அது கட்டாயமில்லை. கையால் ஒரு நாளைக்கு 3 முறையாவது, முடிந்தால் 5 முறை திருப்பலாம். எல்லாரும் கூலி வேலைக்குப் போகும் வீடு என்றால் அது வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் முதலில் ஒரு நாள் காலியாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். பெட்டி காட்டும் எண்ணும் அதுவும் ஒத்துப்போகிறதா? சூடு ஏறி இறங்காமல் நிற்கிறதா? பிறகு முட்டை வையுங்கள். இட்டு 7 நாளுக்குள் ஆன முட்டையாக இருக்கட்டும். கழுவ வேண்டாம்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். மூடியைத் திறக்காதீர்கள். மேலே கம்பளி போர்த்துங்கள். சில மணி நேரம் தாங்கும். குளிரை விட அதிகச் சூடுதான் மோசம். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் பல கருக்கள் செத்துப்போகும்.

7-ஆம் நாள் இரவில் முட்டையின் பருத்த முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இரத்த நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அது கூமுட்டை. எடுத்துவிடுங்கள்.

18 நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்துங்கள். பெட்டிக்குள் ஈரம் கூட வேண்டும். பெரிய கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். 21-ஆம் நாள் ஓடு உடையும். அப்போது ஆசையாக மூடியைத் திறக்காதீர்கள். ஈரம் போனால் உள்சவ்வு காய்ந்து குஞ்சு மாட்டிக்கொள்ளும். பொரித்த குஞ்சு ஒரு நாள் தீனி இல்லாமல் இருக்கும். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது.

பெட்டியில் பொரித்த குஞ்சுக்குத் தாய் இல்லை. முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். அதற்கான இடத்தை முன்பே தயார் செய்யுங்கள்.

கணக்குப் போடுவோம்

திங்கட்கிழமை காலையில் பெட்டியில் முட்டை வைத்தால், எந்தக் கிழமை திருப்புவதை நிறுத்த வேண்டும்? எந்தக் கிழமை குஞ்சு வரும்?