காலி இடத்தில் கூட்டுப் பழத்தோட்டம்: லாஸ்பேட்டைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

தெருமுனைக் காலி இடத்தில் குப்பை சேர்கிறதா? அக்கம்பக்கத்தார் சேர்ந்து பழமரம் வையுங்கள்.

1. உழவர்கரை நகராட்சியில் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு, கால்வாய் வெட்ட வரும் ஜேசிபியைத் தடுக்காது.

2. யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். நடும் நாளில் செல்ஃபி எடுக்கும் கூட்டம் சித்திரை வெயிலில் எட்டிப் பார்க்காது.

3. கொய்யா, சீத்தா, சப்போட்டா, நெல்லி வையுங்கள். கவாத்து செய்தால் கைக்கெட்டும் உயரத்தில் பறிக்கலாம். நெல்லியில் இரண்டு ரகம் வேண்டும். ஒற்றை மரம் பூத்தாலும் சரியாகக் காய்க்காது. விமான நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நெடுமரம் வேண்டாம்.

4. ஆடியில் இரண்டரை அடிக் குழி வெட்டி ஆறப்போடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து நிரப்பி, புரட்டாசியில் நடுங்கள்; ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும், புதைந்தால் அழுகும். அடியில் மண்ணை மேடாக அணையுங்கள், தண்ணீர் தேங்காது.

5. கன்று நட்ட அன்றே மூங்கில் கழி நட்டு, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் புயல்கள் இரண்டுமே மழைக்காலத்தில்தான் வந்தன. இறுக்கிக் கட்டினால் தண்டு அறுபடும்.

6. சுற்றிலும் முள் அடையுங்கள். ஆடு ஒருமுறை கடித்தால் போதும், குருத்து போய்விடும்.

7. பழப் பங்கைக் காய்க்குமுன்பே பேசி முடியுங்கள். முதல் கூடை அங்கன்வாடிக்கு என்றால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.